முதல் ஏர் பிஸ்டல் போட்டிக்கு மூன்று மாதம்: எதில் காசு போடலாம், எதில் நேரம் போடலாம்?

போன பிப்ரவரியில் என் முதல் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றுக் கைத்துப்பாக்கி) போட்டியில் நின்றேன். கிளப் அளவில் நடந்த சின்னப் போட்டிதான். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் நான் எடுத்த முடிவுகளில் பாதி தப்பு. இப்போது காவேரிப்பட்டணம், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கமிருந்து சிலர் போன் பண்ணிக் கேட்கிறார்கள்: "அண்ணா, சொந்தமா ஒரு பிஸ்டல் வாங்கிட்டு ஆரம்பிக்கலாமா, இல்ல சுடப் பழகுற ரேஞ்ச்ல இருக்கிறதே போதுமா?" ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேட்பவர்களில் பலர் பார்த்துவிட்டு வருவது 'பிராக்டிகல் ஷூட்டிங்' வீடியோக்கள். இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, தடுப்புகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே சுடும் போட்டி அது. 1976இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் தொடங்கிய ஐ.பி.எஸ்.சி. என்ற அமைப்பின் விதிப்படி நடக்கிறது. எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். 60 புள்ளியை 10 நொடியில் எடுத்தால் 6. 54 புள்ளியே எடுத்தாலும் 8 நொடியில் முடித்தால் 6.75. அதாவது கொஞ்சம் குறி தப்பினாலும் வேகம் காப்பாற்றிவிடும். அந்தப் போட்டியில் துப்பாக்கியே 9 எம்.எம்.மிலிருந்துதான் தொடங்குகிறது, நம் நாட்டில் 9 எம்.எம். பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அதற்குத் தயாராவது நடக்கிற காரியம் இல்லை.

நமக்குத் திறந்திருக்கும் கதவு 10 மீட்டர் ஏர் பிஸ்டல். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தனிநபர் வெண்கலம் வாங்கிய அதே போட்டி. நின்ற இடத்தில் நின்று, ஒரே கையால், 60 ஷாட். இங்கே வேகத்துக்குக் கூலி கிடையாது. மிச்சம் பிடித்த நிமிடங்களுக்கு யாரும் புள்ளி தரமாட்டார்கள். வீடியோ பார்த்துப் பழகியவர்கள் ட்ரிக்கரைச் 'சடக்'கென்று இழுப்பது இதனால்தான். நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் இழுத்தேன். ஆனால் அந்த விளையாட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. குழல் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்க வேண்டும்; சுடும் நொடி வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்க வேண்டும். அங்கே இதில் பிசகினால் அந்த நிமிடமே வெளியேற்றிவிடுவார்கள். ஏர் பிஸ்டல்தானே என்று நாமும் அலட்சியமாக இருக்கக் கூடாது.

வீட்டில் ஒப்புதல் வாங்குவதும் நம் பக்கம் ஒரு வேலை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையோரத்தில் துப்பாக்கி என்றால் நாட்டுத் துப்பாக்கி, போலீஸ், கேஸ் என்றுதான் பேச்சு. என் அம்மாவும் அப்படித்தான் பயந்தார். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார்.

ஸ்பிரிங்கா, கிளப் பிஸ்டலா, சொந்தமா?

நம் கையில் உள்ள வழிகள் மூன்று. சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பிஸ்டல். ரேஞ்சில் மணிக் கணக்கில் வாடகைக்குத் தரும் பி.சி.பி., அதாவது சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றில் இயங்குவது. லட்சத்தைத் தாண்டும் விலையில் சொந்தமாக ஒரு ஸ்டெயர், மொரினி, வால்தர் அல்லது பர்தினி.

ஸ்பிரிங்கைத்தான் நான் முதலில் வாங்கினேன். மூன்று மாதத்தில் செய்த பெரிய தப்பு அதுதான். விலை குறைவு என்பதைத் தவிர அதன் பக்கம் சொல்ல ஒன்றுமில்லை. ட்ரிக்கர் விட்டதும் உள்ளே பிஸ்டன் ஓடி முட்டும்; பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) குழலைத் தாண்டுவதற்குள் துப்பாக்கி ஆடிவிடும். பிடி கொஞ்சம் மாறினாலும் ஓட்டை வேறு இடத்தில் விழும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் இழுத்து மடக்க வேண்டியிருப்பதால் முப்பதாவது ஷாட்டில் தோள் கனத்துவிடும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெல்லட் போடாமல் அதை வெறுமனே சுடக் கூடாது. எதிரே காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் மோதினால் ஸ்பிரிங்கும் சீலும் போய்விடும். இந்த விளையாட்டுக்கு உயிரே வெறும் துப்பாக்கிப் பயிற்சிதான், நாங்கள் 'டிரை ஃபயர்' என்போம். அதையே செய்ய முடியாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்து கிளப் பிஸ்டலும் சொந்தப் பிஸ்டலும். சொந்தமானால் வீட்டுக்கு வரும், தினமும் பழகலாம், சைட், அதாவது குறி பார்க்கக் குழலின் முன்னும் (ஃப்ரண்ட்) பின்னும் (ரியர்) இருக்கும் அமைப்பு, நாம் வைத்த இடத்திலேயே இருக்கும். கிளப் பிஸ்டலை ஒரு நாளைக்குப் பத்து பேர் எடுப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு எல்லா ஷாட்டும் இடது பக்கம் கீழே 7 புள்ளி வளையத்தில் போய் விழுந்தன. என் விரலில்தான் கோளாறு என்று நாற்பது பெல்லட் வீணடித்தேன். பிறகுதான் தெரிந்தது, முந்தைய நாள் யாரோ ரியர் சைட்டைத் திருகி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கினேன்: எந்தத் துப்பாக்கி, சைட் எத்தனை கிளிக் திருகியிருக்கிறது, எந்த டப்பா பெல்லட்.

இவ்வளவு இருந்தும் முதல் போட்டிக்குக் கிளப் பிஸ்டலே போதும் என்பதுதான் என் தீர்ப்பு. காரணம், கிரிப். போட்டிக்கென்றே செய்யும் மேட்ச் பிஸ்டலின் மரக் கைப்பிடி கை அளவுக்கு ஏற்பச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று தனித்தனியாக வரும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு தாங்குபலகை மேலும் கீழும் நகரும். என் கை பெரியது இல்லை. மூன்று வாரம் பெரிய கிரிப்பில் சுட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கோச், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள் என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, கண்ணை மூடிட்டுத் தூக்கு."

தூக்கினேன்.

"இப்பத் திற. சைட் எங்க இருக்கு?"

"ரைட்ல தள்ளி இருக்கு சார்."

"உன் கை அதைத் தேடிப் பிடிக்குது. அது தானா வந்து உட்காரணும்."

அன்றே நடுத்தர அளவுக் கிரிப்பை மாற்றிக் கொடுத்தார். தாங்குபலகையை இரண்டு மி.மீ. ஏற்றினார். கட்டைவிரல் மேட்டில் இருந்த இடைவெளியைத் தச்சர்கள் மரத்தில் ஓட்டை அடைக்கப் பூசும் பட்டிப் பசையால் அடைத்து, காய்வதற்குள் என்னை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். என் ரேகை இப்போதும் அதில் இருக்கிறது. அடுத்த வாரம் பத்து ஷாட்டுக்குச் சராசரியாக ஐந்து புள்ளி ஏறியது. லட்ச ரூபாய் சாமான் எதுவும் எனக்கு அந்த ஐந்து புள்ளியைக் கொடுத்திருக்காது. வாங்கத்தான் வேண்டும் என்றால் கிளப் பிஸ்டலுக்குப் பொருந்துகிற மாதிரி உங்கள் கை அளவுக்கு ஒரு கிரிப்பை மட்டும் வாங்குங்கள்.

பிற்பாடு பழைய மேட்ச் பிஸ்டல் ஒன்று கைக்கு வந்தால், முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள்.

வீட்டுச் சுவரா, ஓசூர் ரேஞ்சா?

எனக்கு ரேஞ்ச் ஓசூர்ப் பக்கம். காவேரிப்பட்டணத்தில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். வாரம் ஒரு நாள்தான் முடிந்தது. போய்விட்டால் ஆசையில் நூற்றைம்பது பெல்லட் சுட்டுவிட்டு வருவேன்; கடைசி அறுபதும் கை நடுக்கத்தில் போகும்.

வீட்டில் சுவரோடு பழகுவது சலிப்பானது, ஒப்புக்கொள்கிறேன். ஓட்டை விழாது, எண் வராது. ஆனால் அந்தச் சலிப்பில்தான் புள்ளி இருக்கிறது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

டார்கெட்டில் நடுவே உள்ள 10 வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., பெல்லட் 4.5 மி.மீ. கோட்டைத் தொட்டாலே 10 கிடைக்கும். ஆக, இரண்டு சைட்டும் நேராக இருந்து, மொத்தக் கையும் பக்கவாட்டில் 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக விலகிப் போனாலும் அது 10தான். இப்போது கை அசையாமல் இருக்கிறது, ஆனால் ஃப்ரண்ட் சைட் மட்டும் ரியர் சைட்டின் வெட்டுக்குள் 1 மி.மீ. சாய்ந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 33 செ.மீ. தூரம், டார்கெட் 10 மீட்டரில். அந்த 1 மி.மீ. அங்கே போய் 30 மி.மீ. ஆகும். வளையம் ஒவ்வொன்றும் 8 மி.மீ. என்பதால் ஓட்டை 7இல் விழும். கை ஆடுவதைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறோம். ஆட்டம் மன்னிக்கும், சாய்வு மன்னிக்காது.

சைட் சாயாமல் ட்ரிக்கர் விடப் பழகுவதற்கு டார்கெட் எதற்கு? வெள்ளைச் சுவர் போதும். பார்க்கக் கறுப்பு வட்டம் இல்லாததால் கண் தானாக ஃப்ரண்ட் சைட்டிலேயே நிற்கும். ரேஞ்சில் வாரக்கணக்கில் சொல்லியும் வராதது சுவரிடம் ஆறு நாளில் வந்தது. கோச் ஒரு பழைய பிஸ்டலைக் காற்றுச் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, கடைசி ஐந்து வாரம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதற்கு முன்பு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி நின்றேன். மேட்ச் பிஸ்டலும் ஏறக்குறைய அந்த எடைதான். பாட்டில் தோளைப் பழக்கும், விரலைப் பழக்காது. தினம் இருபது நிமிடம் சுவர், வாரம் ஒரு நாள் ரேஞ்ச், ரேஞ்சில் எண்பது பெல்லட்டுக்கு மேல் வேண்டாம். இதுதான் எனக்குப் பலித்த கலவை. வீட்டில் பழகும்போது குழலில் பெல்லட் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள். சுவருக்குப் பின்னால் ஆள் நடமாடும் அறை இருந்தால் வேறு சுவரைத் தேடுங்கள்.

பேப்பர் டார்கெட்டா, எலக்ட்ரானிக்கா?

ஓசூரில் பேப்பர். பெங்களூருக்குப் போனால் எலக்ட்ரானிக். பெல்லட் பட்டதும் திரையில் எண் வரும். பழக நான் பேப்பரையே சொல்வேன். எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சுட்டால் 7 விழுந்த கோபத்தில் அடுத்ததும் 7 விழும். ஆனால் போட்டி எலக்ட்ரானிக்கில் நடக்கிறது என்றால் முன்னதாக ஒரு முறையாவது அதில் சுட்டுப் பாருங்கள். நேரமும் மாறும்: 60 ஷாட்டுக்கு பேப்பரில் 90 நிமிடம், எலக்ட்ரானிக்கில் 75. அதற்கு முன் 15 நிமிடம் தயாராகவும் சைட் சரிபார்க்கவும் தருவார்கள். சின்னப் போட்டிகளில் ஷாட் எண்ணிக்கை குறையலாம். பெயர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரையா, மூச்சா?

இதை எழுதலாமா என்று யோசித்தேன். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு, கூடப் பழகும் ஒருவர் "படபடப்புக்கு ஒரு பி.பி. மாத்திரை இருக்கு, போட்டா கை கல்லு மாதிரி நிக்கும்" என்றார். அவர் சொன்னது பீட்டா பிளாக்கர் வகை. துப்பாக்கி சுடுதலில் அது ஊக்கமருந்துப் பட்டியலில் உள்ளது, போட்டி இல்லாத நாட்களிலும் தடை. உடம்புக்கும் கெடுதல்; டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. இதய நோய்க்காக ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் டாக்டரிடமும் அமைப்பாளரிடமும் பேசிவிடுங்கள். எனக்கு உதவியது கை தூக்கும்போது இழுத்த மூச்சைப் பாதி விட்டுவிட்டு நிறுத்துவதும், காலையில் காபிக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் குடித்ததும்தான்.

போட்டி அன்று

துப்பாக்கிச் சோதனையில் 500 கிராம் எடைக்கல்லை ட்ரிக்கரில் மாட்டித் தூக்குவார்கள். கல் மேலே எழும்பும் வரை ட்ரிக்கர் விடக் கூடாது. என் கிளப் பிஸ்டல் முதல் தடவை விட்டுவிட்டது. யாரோ லேசாக இருக்கட்டும் என்று திருகைத் தளர்த்தியிருக்கிறார்கள். கோச் அங்கேயே இறுக்கிக் கொடுத்தார், இரண்டாம் முறை தேறியது. ஆனால் பழகிய ட்ரிக்கர் வேறு, போட்டி ட்ரிக்கர் வேறு என்று ஆகிவிட்டது. முந்தைய வாரமே எடைக்கல் மாட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பதற்றமே வந்திருக்காது. ஷூவும் கணுக்காலை மூடக் கூடாது. சாதாரணத் தட்டையான ஷூ போதும். சுடாத கண்ணைச் சுருக்காதீர்கள், முகமே களைத்துவிடும். 3 செ.மீ.க்கு மேல் அகலமில்லாத ஒரு மறைப்பைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. நான் வெட்டியது பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை.

லேனில் நின்றதும் இருப்பது ஒரே போட்டி: சுடுவதா, இறக்குவதா? 75 நிமிடத்தில் 60 ஷாட் என்றால் ஒன்றுக்கு 75 நொடி. ஒரு தூக்கல் பதினைந்து நொடிகூட ஆகாது. அதாவது பிடிக்கவில்லையென்றால் இறக்கிவிட்டு மறுபடி தூக்க நேரம் தாராளமாக இருக்கிறது. பழகும்போது நான் இறக்கியதே இல்லை. தூக்கியாகிவிட்டது, விட்டுவிடுவோம் என்று விடுவேன். போட்டியில் 35வது ஷாட்டுக்கு நான்கு முறை தூக்கி நான்கு முறையும் இறக்கினேன். பக்கத்து லேனில் இருந்த பள்ளிக்கூடப் பெண் தன் வரிசையை முடித்துத் துப்பாக்கி காலி என்று காட்டும் ஆரஞ்சுக் கொடியைச் செருகிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தூக்கலில் சைட் தானாக வந்து உட்கார்ந்தது. 9 விழுந்தது. நோட்டில் அந்த ஷாட்டுக்கு எதிரே எண்ணை எழுதவில்லை, 'நாலு தடவை இறக்கினேன்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.