ஆங்கிலக் கவிதைக்கு ஒரு வழி, எழுத்துக்கு வேறு வழி

பயிற்சிக் காலத்தில் கொழும்புப் பாடசாலை ஒன்றுக்குப் போகும் புது ஆங்கில ஆசிரியருக்கு முதல் வாரமே இரண்டு ஆலோசனை கிடைக்கும். ஆசிரியர் அறையில் மூத்த டீச்சர் சொல்வார்: "வரி வரியா விளக்கிப்போட்டு நோட்ஸ் குடுங்க மிஸ், பிள்ளைகள் சோதனை எழுத வேணுமே." விரிவுரையாளரோ, முதலில் வாசித்துக் காட்டுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள் என்பார்.

கவிதையைப் பொறுத்தவரை நான் விரிவுரையாளர் பக்கம். சாதாரண தரப் பரீட்சைக்கு (பதினோராம் தர முடிவில் எழுதுவது) ஆங்கில இலக்கியம் பிள்ளை விரும்பி எடுக்கிற பாடம். நோட்ஸ் கொடுத்தால் பாடத்திட்டம் நேரத்துக்கு முடியும், விடையும் கொப்பியில் இருக்கும். ஆனால் அந்தக் கவிதையைப் பற்றிச் சொந்தமாக ஒரு வசனம்கூடப் பிள்ளைக்கு வராது.

ஆங்கிலக் கவிஞர் டெனிசனின், 1851இல் வெளியான கழுகுக் கவிதையை எடுங்கள். ஆறே வரி. முதல் மூன்றும் ஹேண்ட்ஸ், லேண்ட்ஸ், ஸ்டாண்ட்ஸ் என்று முடியும். அடுத்த மூன்றும் கிரால்ஸ், வால்ஸ், ஃபால்ஸ் என்று முடியும். விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டு தடவை உரக்க வாசியுங்கள். தமிழ்ப் பாடத்தில் மோனையும் இயைபும் படித்த பிள்ளைகள், முதல் வரியில் 'க' ஒலி அடுத்தடுத்து விழுவதைத் தாங்களே பிடித்துவிடுவார்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: நாலாவது வரியில் கடலுக்கு ஏன் சுருக்கம் விழுந்திருக்கிறது, அது ஏன் ஊர்கிறது? காலிமுகத்திடலில் நின்றால் தெரிகிற கடல் அப்படி இல்லையே, இரைந்துகொண்டு வந்து விழுகிறதே! தாமரைக் கோபுரத்தில் ஏறிக் கீழே பார்த்த பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் போதும், அந்த வரி கழுகின் கண்ணால் எழுதப்பட்டது என்பது அங்கிருந்தே வந்துவிடும். நோட்ஸில் இதை எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனால் தானே கண்டுபிடித்ததைப் பிள்ளை மறக்காது.

ஒரே பாடவேளையில் நீண்ட கவிதைக்கு இது முழுதாகச் சரிவராது. ஒரு பத்தியை மட்டும் இப்படி எடுத்து, மிச்சத்தைச் சுருக்கமாக விளக்கிவிடலாம். யூடியூப் ஒலிப்பதிவு உதவும், ஆனால் முதல் வாசிப்பு உங்கள் குரலில் இருக்கட்டும்.

எழுத்து வகுப்பில் நான் மூத்த டீச்சர் பக்கம் சாய்கிறேன். கவிதையில் ஆங்கிலம் ஏற்கெனவே கண்முன் இருக்கிறது, அதைக் கவனித்தால் போதும். எழுதும்போது பிள்ளையே ஆங்கிலத்தை உண்டாக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பத்தாம் தரப் பிள்ளையிடம் "மனதில் பட்டதை எழுதுங்கள்" என்றால், நன்றாக யோசிக்கிற பிள்ளைகூட வெறுந்தாளோடு உட்கார்ந்திருக்கும். வசன அமைப்பு கையில் இல்லாதபோது சுதந்திரம் உதவாது.

ஆகவே மாதிரி கொடுக்க வேண்டும். ஆனால் முழுக் கட்டுரையாகக் கொடுத்தால் முப்பது கொப்பியிலும் ஒரே கட்டுரை திரும்பி வரும். ஒரு பந்தி போதும். வெள்ளவத்தைச் சந்தையைப் பற்றி ஐந்தாறு வசனம் என்று வையுங்கள். சேர்ந்து வாசித்து, எந்த வசனம் ஏன் முதலில் வந்தது என்று பேசி, பலகையை அழித்துவிடுங்கள். பிள்ளைகள் தங்கள் ஒழுங்கையைப் பற்றி எழுதட்டும். பிறகு மாதிரியைத் திரும்பக் காட்டி, அதோடு ஒப்பிட்டு அவர்களையே திருத்தச் சொல்லுங்கள்.

திருத்துவதிலும் இரண்டு வழி உண்டு. எல்லாப் பிழைக்கும் சிவப்புக் கோடு போட்டால் பெற்றோருக்குத் திருப்தி, பிள்ளைக்குப் பயம். இந்த வாரம் இறந்தகால வினை மட்டும், அடுத்த வாரம் வசன இணைப்பு மட்டும் என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதைப் பெற்றோருக்கும் அதிபருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் திருத்தாமல் விட்டதாக நினைப்பார்கள்.