ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடை

சார்ஜரைச் செருகினால் என் கேமிங் லேப்டாப் ஊர்ந்தது. பிடுங்கினால் பழையபடி ஓடியது. சில நாள் பேட்டரியில் சார்ஜ் ஏறும், சில நாள் ஏறவே ஏறாது. மூன்று வாரம் இப்படியே போயிற்று. கல்யாண வீடியோக்களை எடிட் செய்வதுதான் என் பிழைப்பு என்பதால் தூக்கமே போய்விட்டது. விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன், விசிறியில் தூசி தட்டினேன். பயனில்லை. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. இத்தனைக்கும் லேப்டாப்பில் சூடு இல்லை. ஒரு சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்ற 38,000 ரூபாய் கேட்டார்கள்.

நண்பர் சொல்லித்தான் சென்னை ரிச்சி தெருவில் இந்த மாடிக்கடைக்குப் போனேன். படிக்கட்டில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. என் முறை வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆனால் கடைக்காரப் பெரியவர் கேட்ட முதல் கேள்வியே, "அடாப்டர் கொண்டுவந்திருக்கிறீர்களா தம்பி?" என்பதுதான். அதுவரை அதை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை.

மல்டிமீட்டரை வைத்தார். 19.5 வோல்ட் சரியாக வந்தது. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரையைத் திறந்து காட்டினார். அடாப்டர் வகை தெரியவில்லை என்றது அதில் ஒரு வரி. பிறகு லேப்டாப்பில் செருகும் அடாப்டர் ஜாக்கின் கழுத்தில், வயர் உள்ளே நுழையும் இடத்தை விரலால் ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தபடி மறுபடி செருகினார். 180 வாட் என்று வந்துவிட்டது! கையை விட்டு மீண்டும் செருகினால் பழைய கதை.

இந்த வகை ஜாக்கின் நடுவில் ஊசிபோல் ஒரு பின் இருக்கிறது அல்லவா, லேப்டாப்பை ஓட்டும் மின்சாரம் அதில் வருவதில்லை. இது இத்தனை வாட் அடாப்டர் என்ற அடையாளம் மட்டுமே அதன் வழியே போகிறது. அது கிடைக்காவிட்டால், சிறிய அடாப்டராக இருந்தால் தாங்காதே என்று லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். எனக்கு அறுந்திருந்தது அந்த மெல்லிய கம்பி. வயரை அடாப்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பைக்குள் திணிப்பது என் வழக்கம். அதனால்தான் அறுந்திருக்கும் என்றார். இப்போது தளர்வாகச் சுருட்டி வைக்கிறேன்.

அதே 180 வாட்டில், 9.23 ஆம்பியர் என்று அச்சிட்ட ஒரிஜினல் அடாப்டர், பழையது, 2,400 ரூபாய். லேப்டாப்பைத் திறந்து சுத்தம் செய்து தருகிறீர்களா என்று நானாகவே கேட்டேன். "நன்றாக ஓடுகிறதே, எதற்குத் திறக்க வேண்டும்?" என்று மறுத்துவிட்டார். அந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரமும் தருகிறேன்.

கார்டு வாங்குவதில்லை. உத்தரவாதம் ஒரு மாதம்தான், அதையும் பில்லின் பின்புறம் கையால் எழுதித் தருகிறார். போகிறவர்கள் அடாப்டரை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.