கோணம் பிடித்துத் தரும் சாணைப் பெட்டி: ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

கையால் சாணைக்கல்லில் கத்தி தீட்ட இரண்டு வருடம் விடாமல் முயன்றேன். கல்லும் நல்ல கல், கத்தியும் நல்ல கத்தி. ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் மணிக்கட்டு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கச் சரிவும் வந்து சேர வேண்டிய விளிம்பு கூராக இல்லாமல் உருண்டையாகிவிடும், பளபளப்பு மட்டும் வரும், பதம் வராது. கல்லை மாற்றிப் பார்த்தேன், நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். கடைசியில்தான் குறை கோணத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, கத்தியைக் கவ்விப் பிடித்து, கல்லைக் கம்பியில் மாட்டி ஓட்டுகிற பெட்டி ஒன்றை வாங்கினேன். ஆறு மாதம் ஆகிறது. நான்கு கத்திகள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு முறை தீட்டியாகிவிட்டது.

அமைப்பு எளிமையானது. கத்தியின் முதுகுப் பக்கத்தைப் பிடிக்கிற ஒரு கவ்வி, அதற்குப் பின்னால் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு மூட்டு, அந்த மூட்டு வழியாகப் போய்வருகிற நீளமான கம்பி, கம்பியின் மறுமுனையில் கல். கம்பி எப்போதும் அதே மூட்டு வழியாகத்தான் போகிறது என்பதால் நீங்கள் எப்படித் தள்ளினாலும் கல் அதே சாய்வில் விளிம்பில் வந்து அமரும். என்னுடையதில் 15 முதல் 30 டிகிரி வரை நகர்த்தி வைக்கலாம். லான்ஸ்கி நிறுவனத்தின் பெட்டிகளில் இப்படி நகர்த்துவதற்குப் பதிலாக 17, 20, 25, 30 என்று நான்கு துளைகள் இருக்கும், வேண்டிய துளையில் கம்பியைச் செருக வேண்டியதுதான். இந்த எண்கள் எல்லாமே ஒரு பக்கத்துக்கானவை, அதைக் கவனியுங்கள். ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர் என்ற இன்னொரு தீட்டும் கருவியில் 30, 40 என்று சொல்வது இரண்டு பக்கமும் சேர்த்து, அதாவது பக்கத்துக்கு 15, 20. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு சமையல் கத்தியைப் பக்கத்துக்கு 40 டிகிரியில் தீட்டினால் அது வெட்டாது, நசுக்கும்.

இப்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பற்றி. விற்பவர்கள் யாரும் விளக்காத இடம் இதுதான். அளவுகோலில் 20 என்று வைத்தால் கத்தியில் 20 வராது, வந்தால் அது தற்செயல். கோணத்தைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள்: மூட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கத்தியின் விளிம்பு மூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது. மூட்டு 5 செ.மீ. உயரத்தில், விளிம்பு 14 செ.மீ. தள்ளி இருந்தால் ஏறக்குறைய 20 டிகிரி. அதே உயரத்தில் வைத்துவிட்டு அகலமான கத்தியை மாட்டினால் விளிம்பு 17 செ.மீ. தள்ளிப் போகும், கோணம் 16-க்கு இறங்கிவிடும். அளவுகோல் அப்படியே 20 என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும். கல்லின் தடிமனும் சேர்ந்துகொள்ளும்: முதல் கல்லைவிட அடுத்த கல் 2 மி.மீ. தடிமனாக இருந்தால் அதே அமைப்பில் 0.8 டிகிரி மாறும். கேட்கச் சின்ன அளவுதான், ஆனால் மென்மையான கல் விளிம்பைத் தொடாமல் சரிவின் மேல்பகுதியை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்க இது போதும். கல்லின் மேல் காந்தத்தால் ஒட்டி நிற்கிற சின்ன டிஜிட்டல் கோணமானி ஒன்று வாங்கிய பிறகுதான் எனக்கு இது கண்ணால் தெரிந்தது. அது இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், மார்க்கர் பேனா போதும். சரிவு முழுக்க மை பூசிவிட்டு இரண்டு தடவை கல்லை ஓட்டிப் பாருங்கள். விளிம்பில் மை அப்படியே நின்றால் கோணம் குறைவு, விளிம்பில் மட்டும் அழிந்து மேலே நின்றால் கோணம் அதிகம், முழுதும் அழிந்தால் பழைய கோணம் அகப்பட்டுவிட்டது.

சரி, எண் பொய் என்றால் எதற்கு இந்தப் பெட்டி? எண் எதுவாக இருந்தாலும் ஐம்பது தடவை ஓட்டினால் ஐம்பதும் அதே கோணத்தில் விழுகிறது, அதற்காகத்தான். 19 ஆக இருந்தால் என்ன, 21 ஆக இருந்தால் என்ன, ஆடாமல் இருந்தால் விளிம்பு கூடிவிடும். என் மணிக்கட்டால் முடியாததை இந்தக் கம்பி செய்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு இந்தக் கருவி மேல் உண்மையான மதிப்பு.

ஆனால் கோணத்தைப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை, தீட்டுவது இன்னும் நம் வேலைதான். முதல் கத்தியைப் பக்கத்துக்கு இருபது தடவை என்று கையேட்டில் போட்டிருந்தபடி ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. எண்ணிக்கை பார்க்கவே கூடாது, பிசிறு பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால் உலோகம் விளிம்பைத் தாண்டி மறுபக்கம் மெல்லியதாக மடிந்து நிற்கும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளிப்பக்கமாக விரலை மெதுவாக வழித்தால் (விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் வேண்டாம்) சொரசொரவென்று தட்டும். பிடியருகிலிருந்து நுனிவரை ஓரிடம் விடாமல் அந்தப் பிசிறு தட்டிய பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். நெடுநாள் மழுங்கிக் கிடந்த என் பெரிய கத்திக்கு முரட்டுக் கல்லில் மட்டும் ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம் ஆனது. பாதியில் அடுத்த கல்லுக்குப் போய்விடலாம் என்று கை துறுதுறுக்கும். போகாதீர்கள், மென்மையான கல்லால் அந்தக் குறையைச் சரிசெய்யவே முடியாது. பிசிறு வந்த பிறகு அடுத்தடுத்த கற்களில் அதைச் சின்னதாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கல்லின் சொந்த எடையைத் தவிர வேறு அழுத்தமே இல்லாமல் ஓட்டினால் அது கழன்றுவிடும். அந்த முதல் நாள், ஒரு மெல்லிய தாளைக் கையில் தூக்கிப் பிடித்துக் கத்தியை வைத்தேன், அறுக்கவேண்டிய தேவையே இல்லாமல் சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டு வருட முயற்சியில் அந்தச் சத்தமின்மையை நான் கேட்டதே இல்லை.

கற்கள் மூன்று வந்தன: 320, 600 கிரிட் வைரக் கற்கள் (கிரிட் எண் கூடக் கூடத் துகள் பொடியாகும்), ஒரு பீங்கான் கல். புது வைரக் கல் முதல் சில கத்திகளுக்கு மிக முரடாக இருக்கும், மேலே துருத்திக்கொண்டிருக்கும் துகள்கள் உதிர்ந்த பிறகுதான் சமமாகும், அதற்குள் தரத்தைத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். அழுத்தித் தேய்த்தால் வைரம் பெயர்ந்து வந்துவிடும். கிரிட் எண்ணை ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் நேராக ஒப்பிடவும் முடியாது, அளவுமுறைகள் வேறு வேறு. டிஎம்டி நிறுவனம் தன் வைரக் கற்களுக்குத் துகளின் அளவை மைக்ரானிலும் சேர்த்துத் தருகிறது, 600 மெஷ் என்றால் 25 மைக்ரான், 1200 என்றால் 9. எல்லோரும் இப்படித் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். சமையலறை வேலைக்கு 600-க்கு மேல் ஒரு பீங்கான் போதும் என்பது என் அனுபவம். கண்ணாடிபோல் மெருகேற்றிய விளிம்பு பழத் தோலில் வழுக்குகிறது, கொஞ்சம் பல் இருக்கிற விளிம்பு உடனே கடிக்கிறது. தீட்டிய விளிம்பைக் கடைசியில் இழுத்துத் துடைக்கிற தோல் பட்டை பெட்டியில் இல்லை, தனியாக வாங்கினேன். கடைசிப் பிசிறை எடுக்க அது அவசியம், பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

குறைகளில் பெரியது கவ்வி. மெல்லிய கத்தியில் சரியாகக் கவ்வுகிறது, முதுகு தடித்து விளிம்பு நோக்கி ஒடுங்கும் கத்தியில் தாடைகள் சமமாக அமராமல், அழுத்தும்போது கத்தி லேசாகத் திரும்பிவிடுகிறது. முதுகில் ஒரு காகித நாடா ஒட்டிவிட்டுக் கவ்வினால் வழுக்கலும் நிற்கும், கீறலும் விழாது. 20 செ.மீ. கத்தியை ஒரே இடத்தில் கவ்வினால் நுனியருகே உள்ள வளைவில் கோணம் மாறுவதையும் பார்த்தேன். நேரான விளிம்பு முழுக்கக் கோணம் மாறாது, வளைவில்தான் சிக்கல். கவ்வி பிடிப் பக்கமாக இருந்தால் நுனியில் கோணம் குறைந்து சரிவு அகலமாகிவிடும், நுனிக்கு மிக அருகில் இருந்தால் கூடிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் ஒவ்வொரு கத்திக்கும் இருக்கிறது, மை பூசித் தேடினால் அகப்படும். மூட்டில் கம்பிக்குக் கொஞ்சம் தளர்வு இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கல்லை ஒரே பக்கமாக மெதுவாகச் சாய்த்தபடி ஓட்டிச் சமாளிக்கிறேன், ஆனால் துல்லியத்துக்காகவே விற்கிற கருவியில் அது இருக்கக் கூடாது.

பல் வைத்த கத்திகளுக்கு இது உதவாது. பீங்கான் கத்தியில் வைரக் கல் வேலை செய்யும் என்றாலும் அழுத்தம் கூடினால் விளிம்பு சில்லுசில்லாகப் பெயரும், நான் தொடவில்லை. கையால் தீட்டத் தெரிந்தவர்களுக்கும் இது வேண்டாம், அவர்கள் கத்தியை மாட்டிக் கழற்றுகிற நேரத்தில் வேலையே முடிந்திருக்கும். கத்தியை உள்ளே விட்டு இழுக்கிற சின்னக் கருவியோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: அது அரை நிமிடத்தில் முடிக்கும், ஆனால் விளிம்பைச் சுரண்டிக் கிழித்த மாதிரி விடும், உலோகமும் வீணாகும். அவசரத்துக்கு அது, கத்தி மேல் அக்கறை இருந்தால் இது.

கை பத்திரம். விளிம்பு உங்களைப் பார்த்து நிற்கிறது, கல் அதை நோக்கிப் போகிறது, கல்லின் கைப்பிடியைத் தாண்டி விரல் நீளவே கூடாது. நுனியில் கல்லை முழுதாக வழுக்கவிட்டால் நுனி மொண்ணையாகிவிடும், பாதிக் கல் நுனியைத் தாண்டும்போதே நிறுத்துங்கள்.

அப்புறம் கோணம் எதை வைப்பது என்றால், மென்மையான உருக்கு உள்ள வழக்கமான கத்திகளுக்கு 20, கடினமான மெல்லிய ஜப்பானியக் கத்திகளுக்கு 15. மென்மையான உருக்கை 15-ல் தீட்டினால் முதல் நாள் அபாரமாக வெட்டும், சில நாளில் விளிம்பு மடிந்துவிடும். என் சின்னக் கத்தியில் இதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்ப 20-க்கே வந்தேன். இப்போது ஒவ்வொரு கத்திக்கும் கவ்வி எத்தனை செ.மீ.-ல் நிற்க வேண்டும், மூட்டு எந்தக் கோட்டில், எந்தக் கல் வரை என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன். அதைப் பார்த்து அதே இடத்தில் மாட்டினால் முரட்டுக் கல்லே தேவைப்படுவதில்லை, பீங்கானில் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு கத்தி முடிகிறது.