கத்தியில் 'லாயோல்' என்று பொறித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

போன அக்டோபரில், பிரான்சில் லியோன் பக்கம் நடந்த ஒரு கண்காட்சியில் 165 யூரோ கொடுத்து, லாயோல் என்ற பெயர்பெற்ற பிரெஞ்சு மடக்குக்கத்தி ஒன்று வாங்கினேன். தியேர் ஊர்ப் பட்டறையில் ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை கையால் செய்தது, பிடி ஒப்ராக் இன மாட்டின் கொம்பு, முதுகில் இருக்கும் தேனீ வடிவம் ஸ்பிரிங்கோடு சேர்த்தே அடித்து உருவாக்கியது என்று விற்றவர் சொன்னார். எல்லாமே பொய். பணமும் திரும்பி வரவில்லை. பிரான்சில் இருக்கும் நம் ஆட்களில் பலர் ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கோ மாமாவுக்கோ இந்தக் கத்தியை வாங்கிப் போகிறார்கள். அவர்களும் ஏமாறிவிடக் கூடாது என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

நான் ஒன்பது வருடமாக மடக்குக்கத்தி சேர்க்கிறேன். சூட்டுக்கோல் குறியிட்ட பாக்ஸ் மரப் பிடியோடு ஒரு நோந்த்ரோன், ஜப்பானில் மிகி நகரத்தில் செய்த ஹிகோனோகாமி என்று பதினான்கு இருக்கின்றன. நல்ல லாயோல் ஒன்று வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அந்த ஆசைதான் அன்று அவசரப்படுத்தியது. கூட்டம், மங்கிய வெளிச்சம், பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். விற்றவர் முத்திரை குத்திய ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்தார். அதில் செய்தவர் பெயர் இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

மூன்று வாரத்தில் அலகு இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. மூடும்போது கூர் உள்ளே ஸ்பிரிங்கில் இடித்து, நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. லாயோலில் பூட்டு கிடையாது, ஸ்பிரிங்கின் இறுக்கம்தான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது. 'டப்' என்று மூட விடக் கூடாது என்று பழகியவர்கள் சொல்வார்கள். நான் எப்போதும் விரலால் பிடித்து மெதுவாகத்தான் மூடுவேன். அப்படியும் இடித்தது.

சரி, விஷயம் தெரிந்தவரிடமே காட்டிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை தியேருக்குப் போனேன். பிரான்சில் செய்யும் கத்திகளில் பெரும்பகுதி இந்த மலை ஊரில்தான் உருவாகிறது. அந்தக் காலத்தில் துரோல் ஆற்று நீரில் சாணைக்கல் சுழலும், தொழிலாளிகள் அதற்கு மேல் பலகையில் குப்புறப் படுத்து அலகைத் தீட்டுவார்கள், குளிருக்கு நாயைக் காலில் படுக்க வைத்துக்கொள்வார்கள். அவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த பெயரைச் சொல்லித்தான் என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

அங்கே ஒரு சின்னப் பட்டறையில் இருந்த வயதானவர் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேனீயின் அடியில் மெல்லிய கோடு ஒன்றைக் காட்டி, தனியாகச் செய்து பற்றவைத்தது என்றார். அப்படிப் பற்றவைப்பது குற்றமில்லை, விலை குறைந்த கத்திகளில் நல்ல பட்டறைகளும் செய்வதுதான், ஆனால் சேர்த்து அடித்தது என்று சொல்லி விற்பது பொய் என்றார். ஸ்பிரிங்கின் முதுகில் இருந்த பூவேலை அரத்தால் ராவியது இல்லை, அச்சில் அழுத்தியது. கையால் ராவினால் ஒவ்வொரு வெட்டும் கொஞ்சமாவது வித்தியாசப்படும். பிடியில் இடையர் சிலுவை என்று சொல்லும் ஆறு புள்ளிகள் உண்டு, அவற்றைத் தனித்தனி ஆணியாக அடிக்க வேண்டும். என்னுடையதில் ஆறும் ஒரே தகட்டில் அச்சடித்துப் பதித்தவை. கடைசியாக, என் அனுமதி கேட்டுவிட்டு, பிடியின் உள்பக்கம் சூடேற்றிய ஊசியை வைத்தார். கொம்பாக இருந்தால் முடி கருகும் வாசனை வரும். வந்தது பிளாஸ்டிக் நாற்றம். எஃகு எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாயோல் என்பது அவேரோன் பகுதியில் இருக்கும் ஒரு கிராமம். 'லாகியோல்' என்று படிக்கிறவர்கள் நிறைய, ஊர்க்காரர்கள் லாயோல் என்பார்கள். 1993-இல் அந்த ஊரோடு சம்பந்தமில்லாத ஒருவர் அந்தப் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். 2012-இல் கிராமம் நீதிமன்றத்தில் தோற்றபோது, ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றிவிட்டார்கள். வழக்கு அதற்கப்புறமும் வருடக்கணக்கில் நீண்டது. இதற்கிடையில் சீனாவிலும் பாகிஸ்தானிலும் செய்த கத்திகள் அதே பெயரோடும் அதே தேனீயோடும் பத்துப் பதினைந்து யூரோவுக்குச் சுற்றுலாக் கடைகளில் குவிந்தன. தியேரில் செய்யும் லாயோல் போலி இல்லை, அருமையானவை இருக்கின்றன. ஆனால் அலகில் அந்தப் பெயர் மட்டும் இருந்தால் கத்தி எங்கிருந்து வந்தது என்று எதுவும் தெரியாது. பட்டறையின் பெயரோ குறியோ கூடவே இருக்க வேண்டும். என்னுடையதில் இல்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். பயன்படுத்திவிட்டீர்கள், அலகு ஆடினால் நான் பொறுப்பில்லை என்றார். இரண்டாம் முறை எடுக்கவே இல்லை. பில்லில் இருந்த முகவரிக்கு அனுப்பிய பதிவுத்தபால் திரும்பி வந்துவிட்டது. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். பிரான்சில் கண்காட்சியில் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. அதை விற்பவர் எழுதி வைக்க வேண்டும் என்பதும் சட்டம், அந்தக் கடையில் அப்படி ஒரு அட்டையையும் நான் பார்க்கவில்லை. பொருள் சொன்னபடி இல்லையென்றால் இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் கண்காட்சிக்கும் பொருந்தும், ஆனால் ஆளைக் கண்டுபிடித்தால்தானே கேட்க முடியும்? சிக்னல்கோன்சோ என்ற அரசுத் தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன்.

கண்காட்சியில் வாங்குவதாக இருந்தால் காசு கொடுக்கும் முன்பு பட்டறையின் பெயர், ஊர், பிடி எதனால் ஆனது, கையால் செய்தது என்பது, எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையாகச் செய்கிறவர் சந்தோஷமாக எழுதித் தருவார். கத்தியை வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், மூடிய நிலையில் மேலிருந்து பாருங்கள். அலகு நடுவில் நிற்கிறதா, பக்கத்துத் தகட்டில் உரசுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நான் அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. என்னிடம் விற்றவரின் மேசையில் அதே பூவேலையோடு முப்பது கத்திகளாவது இருந்தன. ஒரே கைவினைஞர் செய்ததாகச் சொன்ன முப்பதும் ஒரே அச்சு. வசந்த காலக் கண்காட்சிக்கும் வருவேன் என்று அவரே சொன்னார்.