வெள்ளத்தில் மூழ்கிய பயிருக்கு அரசு நிவாரணம்: தொகை, கணக்கெடுப்பு, சிக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் பயிர் அழிந்தால் வரும் நிவாரணம் இழப்பீடு அல்ல, இடுபொருள் மானியம்; அதாவது விதை, உரம் போன்ற சாகுபடிச் செலவுக்கான உதவித்தொகை. விளைந்திருக்க வேண்டிய நெல்லின் விலையை அது கணக்கில் எடுப்பதே இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 வரையறைப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. அதில் ஒருவருக்கு 2 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கும் இதே தொகைதான். ஏக்கருக்குப் பிரித்தால் நெல்லுக்குச் சுமார் 6,880. உழுது நட்ட கூலிக்கே அது போய்விடும். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு டெல்டாவில் ஹெக்டேருக்கு 20,000 அறிவித்தார்கள். அதையே நிரந்தரமாக்கியிருக்கலாம்.

தொகையைவிடப் பெரிய குறை, பயிர்ச் சேதம் குறைந்தது 33 சதவீதம் இருக்க வேண்டும் என்ற கோடு. 32 என்று எழுதினால் ஒரு ரூபாய் கிடையாது. 33 என்றாலும் 100 என்றாலும் ஒரே தொகை. ஆகவே கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயலில் எழுதும் அந்த ஓர் எண்ணில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தண்ணீர் நிற்கும்போதே கணக்கெடுத்தால் மேல்தோகை பச்சையாகத் தெரியும், சதவீதம் குறையும். தண்ணீர் வடிந்து சில நாள் கழித்துத்தான் தூர் அழுகியது தெரியும். பூக்கும் பருவத்தில் மூழ்கிய கதிர் பதராவது இன்னும் தாமதமாகத்தான் வெளிப்படும். அதனால் மூழ்கிய அன்றும் வடிந்த பிறகும் வரப்பில் நின்று, தேதியும் இடமும் பதிவாகும்படி படம் எடுத்து வையுங்கள். கணக்கெடுப்பு நாளைக் கேட்டு, வயலில் நீங்களே இருங்கள். பட்டியல் தாலுகா அலுவலகம் போகும் முன் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். மேலே போன பட்டியலில் பெயர் சேர்ப்பது மிகவும் கடினம்.

சிட்டா (நில உரிமை விவரம்), நடப்புப் பருவ அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் தேவைப்படும். அடங்கலில் போன பருவத்துப் பயிரே நின்றிருந்தால் அங்கேயே சிக்கும். பட்டா தாத்தா பெயரில் இருந்தாலும், கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் மற்ற பங்காளிகளின் சம்மதம் கேட்பார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாத குத்தகைதாரர் நிலைதான் வேதனை: செலவு செய்தது அவர், பணம் போவது நில உரிமையாளர் கணக்குக்கு. சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல் வாங்குவதுதான் இதற்கு வழி. அதை விதைத்தவுடனே கேட்க வேண்டும், வெள்ளம் வந்த பிறகு அல்ல. ஆதார் வழியாக அனுப்பும் தொகை, கடைசியாக ஆதார் இணைத்த வங்கிக்குத்தான் போகும். பணம் வரவில்லை என்றால் முதலில் உங்கள் மற்ற வங்கிக் கணக்குகளைப் பாருங்கள்.

பயிர்க் காப்பீடு இதிலிருந்து வேறு. நெல்லுக்கு அது பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சலை, சில வயல்களில் செய்யும் அறுவடைப் பரிசோதனை மூலம் பார்க்கிறது. நிவாரணம் உங்கள் வயலைப் பார்க்கிறது. கிராமச் சராசரி நன்றாக இருந்தும் தன் வயல் மட்டும் மூழ்கிய பள்ளத்து வயல்காரருக்குப் பெரும்பாலும் நிவாரணம்தான் கைகொடுக்கும்.

கால்நடை இறந்தாலும் நிவாரணம் உண்டு: அதே 2022-26 வரையறையில் கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் முன் புதைத்துவிடாதீர்கள்.

பெயர் விடுபட்டால் வாய்மொழியாகச் சொல்வது போதாது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் நாளில் படங்களோடு மனு கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.