‘ரெண்டு நாள் வெளியில் வையுங்க, இனிச்சிடும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

பறித்த பிறகு திராட்சை பழுக்காது. இந்த ஒரு வரி தெரியாததால் எனக்கு 5 கிலோ பெட்டி ஒன்று பாழானது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் விருந்து, 12 பேர் வருவதாக ஏற்பாடு. வெள்ளை விதையில்லாத் திராட்சையைக் கோழியோடு சேர்த்து ஓவனில் வாட்டலாம், மிச்சத்தைக் கஸ்டர்டில் போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று நாள் முன்பாகவே போய், எப்போதும் வாங்கும் பழக்கடையில் பெட்டியாகவே கேட்டேன். கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார். பழமெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. “நேத்து காலையில பறிச்சதுக்கா” என்றார்.

அந்தப் பளபளப்பிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். திராட்சையின் தோல்மேல் வெண்மையாக, பவுடர் பூசினாற்போல ஒரு மெல்லிய படலம் இருக்கும். பலர் அதை மருந்து என்று நினைத்துத் துடைக்கிறார்கள். அது பழமே சுரக்கும் மெழுகு, உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கிறது. அதிகம் கைபடாத கொத்தில் அது அப்படியே இருக்கும், விரலால் தடவினால் தடம் விழும். என் பெட்டியில் மேல்வரிசையில் அது துளிகூட இல்லை. தண்ணீர் தெளித்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கோ அது புதுசாகத் தெரிந்தது!

ருசி பார்க்க ஒரு பழம் கேட்டேன். அவரே பறித்துக் கொடுத்தார், கொத்தின் மேல்பகுதியில், காம்புக்குப் பக்கத்திலிருந்து. இதுவும் ஒரு வித்தைதான். பொதுவாக ஒரு கொத்தில் தோள்பட்டை போல் விரிந்த மேல்பகுதிதான் முதலில் பழுக்கும், நுனி கடைசியில். நுனிப்பழம் இனித்தால் முழுக்கொத்தும் இனிக்கும் என்று நம்பலாம். அவர் கொடுத்ததே லேசாகப் புளித்தது. சொன்னேன். “வாழைப்பழம் மாதிரிதான்க்கா, ரெண்டு நாள் வெளியில் வையுங்க, இனிச்சிடும்” என்றார். சிரிப்பு மாறாமல் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வாழைக்காய்க்குள் மாவுச்சத்து இருக்கிறது. வெட்டி வைத்த பிறகும் அது மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறும். திராட்சையில் அப்படிக் கையிருப்பு ஏதும் கிடையாது. கொடியின் இலைகள் அனுப்பும் சர்க்கரைதான் அதன் இனிப்பு, கொத்தை வெட்டிய நிமிஷத்தோடு அந்த வரவு நின்றுவிடும். அப்புறம் நடப்பதெல்லாம் வாடுவது மட்டும்தான். நன்றாகச் சுருங்கினால் தண்ணீர் குறைந்து கொஞ்சம் இனிப்பது போலத் தோன்றும். அதற்குப் பெயர் பழுப்பதில்லை.

சரி, நம்பினேன். இரண்டு நாள் சமையலறை மேடையில் பெட்டியை மூடியபடியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் திறந்தபோது, தீக்குச்சி கிழித்ததும் மூக்கில் ஏறுமே, அந்த மாதிரி ஒரு நெடி. மேல்வரிசையைத் தூக்கினேன். பச்சையாகத் தெரிந்த காம்புகள் பழுப்பாகி, விரல் பட்டதும் சட்டென்று ஒடிந்தன. இரண்டாம் வரிசையில் பழங்கள் காம்பைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தன. ஒன்றை அழுத்தினேன், தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வந்தது. அடித்தட்டில் கொத்து என்று சொல்ல எதுவும் இல்லை, உதிர்ந்த பழங்கள் உருண்டு கிடந்தன. ஒரு மூலையில் சாம்பல் நிறப் பூஞ்சை ஏழெட்டுப் பழங்களைப் பஞ்சு போலச் சேர்த்துக் கட்டியிருந்தது.

அதற்கெல்லாம் நடுவே, மடித்துச் செருகிய ஒரு வெள்ளைத் தாள். அதைப் பற்றி விசாரித்த பிறகுதான் கதையே புரிந்தது. சோடியம் மெட்டாபைசல்பைட் வைத்த தாள் அது. பெட்டிக்குள் இருக்கும் ஈரம் பட்டால் சல்பர் டை ஆக்சைடு வாயுவை வெளிவிட்டு, பூஞ்சையைத் தடுக்கும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நெடுந்தூரம் போகும் பெட்டிகளிலும் வாரக்கணக்கில் குளிர்க்கிடங்கில் கிடக்கும் பெட்டிகளிலும் வழக்கமாக வைப்பதுதான். ஆனால் நேற்றுக் காலையில் பறித்து இன்று விற்கும் பழத்துக்கு அது எதற்கு? காம்பைச் சுற்றி வெளுத்ததும் அந்த வாயு அதிகமாகப் பட்டதால்தான். ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கு சல்பைட் ஆகவே ஆகாது. எங்கள் விருந்தாளிகளில் ஒருவர் இன்ஹேலரும் கையுமாகத் திரிபவர். அதை நினைத்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது.

விருந்துக்கு நேரமில்லை. உட்கார்ந்து பிரித்தேன். பூஞ்சை பிடித்தது, வெளுத்தது, அவற்றை ஒட்டிக் கிடந்தது எல்லாம் குப்பைக்குப் போனது. கெட்டியாக இருந்த ஒன்றரை கிலோ சொச்சம் தேறியது, அதுவும் புளிப்பு. கஸ்டர்டைக் கைவிட்டேன். ஏற்கெனவே ஒருமுறை சூடான பாலில் புளித்த திராட்சையைப் போட்டுத் திரிய வைத்த அனுபவம் உண்டு. ஒரு பங்கை நறுக்கிய வெங்காயம், எண்ணெய், உப்போடு புரட்டி 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வாட்டினேன். தோல் வெடித்துச் சாறு பாகு மாதிரி ஒட்ட ஆரம்பித்ததும் எடுத்துக் கோழிமேல் கொட்டினேன். வாட்டினால் புளிப்பு போய்விடாது, தண்ணீர் வற்றுவதால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே அடர்த்தியாகும். வெங்காயத்தின் இனிப்புதான் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது. மிச்சத்தை அரைத்து வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தேன். எலுமிச்சை பிழிய வேண்டிய இடத்திலெல்லாம் அதில் ஒரு கட்டி போட்டால் போதும். இந்தப் பெட்டியால் கிடைத்த ஒரே லாபம் அது.

சாப்பிட்டவர்களில் ஒருவர், “விதையில்லாததுன்னு சொன்னியே, நறுக்குன்னு என்னமோ கடிபடுதே” என்றார். இந்த ஒன்றுக்கு மட்டும் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த ரகங்களில் விதை உருவாகத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடும், அதன் மிச்சம் சில பழங்களில் சின்னதாக இருக்கும். விதையில்லாத் திராட்சை இயல்பில் சின்னதுதான். தாம்சன் போன்ற ரகங்களைப் பெரிதாக்க ஜிபரெல்லின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பது தோட்டங்களில் சாதாரணம். அதனால் நீளமாக, பெரிதாக இருப்பதை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், பருமனுக்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை. நிறத்தைப் பாருங்கள். வெள்ளை என்பது பேருக்குத்தான். அடர்பச்சையாக இருந்தால் புளிக்கும், லேசாகத் தேன்மஞ்சள் ஓடியிருந்தால் கொடியிலேயே பழுத்தது. நிறத்துக்கும் முன்னால் காம்பு. பச்சையாக, வளைத்தால் வளைய வேண்டும். பழத்தைத் துடைத்துப் புதுசாக்கலாம், பழுப்பான காம்பை என்ன செய்ய முடியும்? பெட்டியாக வாங்கினால் அடித்தட்டு வரை கைவிட்டுத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

வைப்பதில் என் பங்குக்கும் தப்பு உண்டு. திராட்சைக்குப் பிடித்த இடம் 0 டிகிரியை ஒட்டிய குளிரும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரப்பதமும்தான். வீட்டில் அதற்குக் கிட்டத்தட்ட வருவது ஃபிரிட்ஜுக்குள் பின்பக்கம். கழுவாமல், காம்போடு, ஓட்டை போட்ட கவரில் வைக்க வேண்டும். வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வாடையை வாங்கிக்கொள்ளும். சாம்பல் பூஞ்சை ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும் என்பதால், கெட்டுப்போன பழத்தைப் பார்த்த அன்றே கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். சாப்பிடும்போது கழுவினால் போதும். சின்னக் குழந்தைகளுக்கு முழுசாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

அடுத்த நாள் அந்தத் தாளையும் பெட்டியின் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, “எங்கக்கா வச்சிருந்தீங்க?” என்று கேட்டார். நீங்கள் சொன்னபடி வெளியில்தான் என்றேன்.

“வெளியில வச்சா கெடத்தானேக்கா செய்யும்?”

ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. தாளை அவர் முன்னால் போட்டு, நேற்றுப் பறித்த பழத்துக்கு இது எதற்கு என்று கேட்டேன். “கம்பெனியிலேயே வர்றதுக்கா” என்றவர், பழகிய முகமாயிற்றே என்று ஈடாக ஒரு கொத்தை எடுத்து நீட்டினார். வாங்கி, காம்பை வளைத்துப் பார்த்தேன், வளைந்தது. நுனியிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டேன். புளிப்பு. கொத்தைத் தராசிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.