கிரிம்ஸ்பவுண்ட், டார்ட்மூர்: டிக்கெட் இல்லை, வேலி இல்லை, கட்டாயம் போங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கில், எக்ஸிட்டரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் கூட்டிப்போகும் இடம், டார்ட்மூர் என்ற மேட்டுப் புல்வெளியில் இருக்கிற கிரிம்ஸ்பவுண்ட். ஹேமல்டவுன், ஹுக்னி என்ற இரண்டு மேடுகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 மீட்டர் உயரத்தில், சுமார் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய வெண்கலக் காலத்து ஊர் ஒன்று அப்படியே கிடக்கிறது. வட்டமான சுற்றுச்சுவர், உள்ளே 24 கல்வீடுகளின் அடித்தளம். சாலையோரம் சில கார்களே நிறுத்தலாம். அங்கிருந்து சின்ன ஏற்றம்தான்.

முதலில் பெரிய வாசலைப் பாருங்கள். தரையில் கல் பாவியிருக்கிறார்கள். வாசல் மேட்டுப் பக்கம் திறக்கிறது. இது கோட்டை என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் கோட்டை கட்டுகிறவன் எதிரி மேலிருந்து இறங்கி வருகிற பக்கம் வாசல் வைப்பானா? ஆடுமாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் இரவில் அடைக்கத்தான் இந்தச் சுவர் என்பது எனக்குச் சரியாகவே படுகிறது. வடக்கு ஓரமாக ஓடை ஒன்று சுவருக்குள் புகுந்து போகிறது. தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை.

அப்புறம் மூன்றாம் எண் வீடு. இரண்டு வரிசைக் கருங்கற்கள், நடுவே சின்னக் கற்களைப் போட்டு அடைத்த சுவர். நிலைக்கற்கள் இரண்டும் நின்றபடியே இருக்கின்றன, மேலே கிடந்த கல் மட்டும் விழுந்துவிட்டது. வாசலுக்கு முன்னால் காற்றைத் தடுக்க ஒரு வளைவு. அங்கே குனிந்து நின்றால், வெளியே ஆளைத் தள்ளுகிற காற்று உள்ளே சட்டென்று குறைகிறது. கட்டினவர்களுக்கு இந்த மலை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

1894இல் இங்கே தோண்டியவர்கள் அடுப்பு, கரி எல்லாம் கண்டெடுத்தார்கள். இந்த அமில மண்ணில் எலும்பு மிஞ்சாது. அதோடு நிறுத்தாமல் சில சுவர்களைத் திரும்பக் கட்டியும் விட்டார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் எது பழசு எது அவர்கள் வைத்தது என்று இப்போது பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

இன்றைக்கு அதே வேலையைச் செய்கிறவர்கள் பார்க்க வருகிறவர்கள்தான். சுவரிலிருந்து கல்லை உருவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம் இது. கல்லைச் சேதப்படுத்துவதும், அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் கொண்டுவருவதும் குற்றம். ஆனால் காவலுக்கு ஆள் கிடையாது. ஆள் போடவும் வேண்டாம், வேலியும் வேண்டாம் என்பதே என் எண்ணம். உள்ளே நடந்துபோய்ப் பார்க்க முடிவதுதான் இந்த இடத்தின் அருமை. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கல்லை நகர்த்தாதீர்கள் என்று கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகை வைத்தால் போதும்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். கழிப்பறை, கடை, நிழல் எதுவும் கிடையாது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், தண்ணீர் புகாத ஷூ போடுங்கள். மூடுபனி இறங்கினால் ஏறாமல் வேறொரு நாள் வாருங்கள். வெளிச்சம் நன்றாக இருந்தால் ஹுக்னி உச்சிவரை ஏறிவிடுங்கள்; சுற்றுச்சுவரின் வட்டம் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான்.